வரைபடத்தில் இல்லாத வயது

"நீச்சல் குளம் இருக்கு, பார்க் இருக்கு, தனி ரூம் இருக்கு. இன்னும் என்னதான் குறை இவனுக்கு?" மதில் சூழ்ந்த அடுக்ககத்தில் பதினான்கு வயதுப் பையன் ஒருவன் லிஃப்ட் பொத்தானை உடைத்தாலோ, மாடிப்படியில் சிகரெட்டோடு சிக்கினாலோ, சங்கக் கூட்டத்தில் இந்தக் கேள்வி எழும். கேட்பவர் பதிலைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்கிறார். கொழுப்பு. வசதி கூடிப்போன கொழுப்பு. கொஞ்சம் நாசூக்கானவர் இதையே ‘கண்டிப்பில்லாத வளர்ப்பு’ என்பார். மனம் இளகியவர், ‘பொழுதுபோக ஏதாவது ஏற்பாடு செய்துவிட்டால் சரியாகிவிடுவார்கள்’ என்பார். மூன்றும் வேறு வேறு கருத்துகள் போலத் தோன்றும். மூன்றுக்கும் அடியில் கிடப்பது ஒரே நம்பிக்கை: ஊர் சரியாகத்தான் இருக்கிறது, பிள்ளையிடம்தான் கோளாறு.

அந்த நம்பிக்கையை மறுக்கவே இதை எழுதுகிறேன். திட்டமிட்டுக் கட்டிய புறநகர்களில் பதின்வயதுப் பிள்ளைகளைப் பிடித்தாட்டும் சலிப்பு, வசதி மிகுந்ததால் வருவதில்லை. தன் கை படுவதற்கு ஓர் அங்குலம்கூட மிச்சம் வைக்காமல், தான் வளர்வதற்கு முன்பே முடித்துவைக்கப்பட்ட ஓர் இடத்தில் வளர்வதால் வருகிறது. அங்கே நடக்கும் உடைப்பும் கிறுக்கலும் அந்த ஊரைப் பற்றிய புகார். புகாரின் மொழி அசிங்கமாக இருக்கலாம். புகாரில் விஷயம் இருக்கிறது.

இந்த வகை ஊர்களில் பெயர்போன ஒன்றை எடுத்துக்கொள்வோம். கலிபோர்னியாவில், சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவின் ஓரத்தில் ப்ரூவர் தீவு என்றொரு தாழ்ந்த சதுப்பு நிலம் இருந்தது. டி. ஜாக் ஃபாஸ்டர் என்ற கட்டுமானத் தொழிலதிபர் 1960 வாக்கில் அதை வளைத்து, மண் கொட்டி மேடாக்கி, ஃபாஸ்டர் சிட்டி என்று தன் பெயரிலேயே ஒரு நகரத்தை எழுப்பினார். ஏறத்தாழ 35,000 பேருக்கான திட்டம். மழைநீர் வடியவும் படகு விடவும் செயற்கை ஏரி, எண்ணிட்டுப் பிரித்த குடியிருப்புப் பகுதிகள், பூங்காக்கள், புல்வெளிகள். 1964இல் முதல் குடும்பங்கள் குடியேறின. பத்தாண்டு நிறைவதற்குள், 1973 நவம்பரில், ‘சான் ஃபிரான்சிஸ்கோ எக்ஸாமினர்’ நாளிதழ் அந்த ஊர்ப் பிள்ளைகளைப் பற்றி ஒரு பெரிய கட்டுரை வெளியிட்டது. ஒரே இரவில் நூற்றுக்கணக்கான கார்களின் ஆன்டெனாக்கள் முறிக்கப்பட்டிருந்தன. பூங்காக் கழிப்பறைகளில் குழாய் வெடிகள் வெடித்தன. கடைச் சுவர்களில் பெயின்டால் கெட்ட வார்த்தைகள். செய்தவர்களில் சிலருக்கு வயது ஒன்பது, பத்துதான். செய்தியாளர்கள் அந்தக் கும்பல்களுக்கு எலிக்கூட்டம் என்று பொருள்படும்படி ஒரு பெயரையும் சூட்டினார்கள்.

அந்தக் கட்டுரையிலிருந்து பிறந்த திரைப்படம்தான் ஜொனாதன் கேப்லன் இயக்கி 1979இல் வந்த ‘ஓவர் தி எட்ஜ்’. நடிகர் மேட் டில்லனுக்கு அது முதல் படம். நியூ கிரனாடா என்ற கற்பனை ஊரில், வெளியூர் முதலீட்டாளர் ஒருவர் நிலம் பார்க்க வருகிறார். பிள்ளைகள் கூடும் ஒரே இடமான பொழுதுபோக்கு மையம் அவர் கண்ணில் பட்டு வியாபாரம் கெடக் கூடாது என்று அதைப் பூட்டுகிறார்கள். கதை முற்றி, பெற்றோர்கள் கூட்டம் போட்டுக்கொண்டிருக்கும் பள்ளிக் கட்டடத்தையே பிள்ளைகள் வெளியிலிருந்து பூட்டுகிறார்கள். படத்துக்கு நேர்ந்த கதி இன்னும் விசேஷம். அதே ஆண்டு வந்த வேறு சில கும்பல் படங்களையொட்டி அடிதடிகள் நடந்ததால், தயாரிப்பு நிறுவனம் பயந்துபோய் இந்தப் படத்தைச் சரியாக வெளியிடவே இல்லை. இளைஞர்கள் கூடிவிடுவார்களே என்று ஊர் பயப்படும் கதையை, இளைஞர்கள் கூடிவிடுவார்களே என்று பயந்து ஒளித்துவைத்தார்கள்.

இனி அந்த மூன்று வாதங்களுக்கு வருவோம். முதலாவது, ‘எல்லா வசதியும் இருக்கிறது’ என்பது. யாருக்கு இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். எந்தத் திட்டமிட்ட புறநகரின் வரைபடத்தையும் விரித்து, ஒவ்வொரு வசதிக்கும் எதிரே அதை யார் பயன்படுத்துவார் என்று வயதை எழுதிக்கொண்டே போங்கள். ஊஞ்சல், சறுக்கு, மணல்தொட்டி எல்லாம் பத்து வயது வரை. கிளப் ஹவுஸ், வங்கி, கார் நிறுத்துமிடம், நடைப்பயிற்சிப் பாதை எல்லாம் முப்பதுக்கு மேல். பதின்மூன்றுக்கு எதிரே என்ன எழுதுவீர்கள்? ஃபாஸ்டர் சிட்டியில் இதைத் தேடவே வேண்டாம். அந்த ஊரில் இன்றுவரை அரசு உயர்நிலைப் பள்ளி கிடையாது. ஏரி எந்த வளைவில் திரும்ப வேண்டும் என்பதுவரை யோசித்து வரைந்த ஊர், தன் பிள்ளைகளைப் பதினான்கு வயதானதும் பக்கத்திலுள்ள சான் மாட்டியோவுக்குப் படிக்க அனுப்பிவிடுகிறது. கார் ஓட்டி எங்கும் போகவேண்டிய அந்த மாநிலத்தில் ஓட்டுநர் உரிமம் கிடைக்கும் வயதோ பதினாறு. சறுக்குமரத்துக்குப் பெரியவனாகவும் ஸ்டியரிங்குக்குச் சின்னவனாகவும் இருக்கும் அந்த ஐந்தாறு ஆண்டுகளில் ஒரு பிள்ளை எங்கே போவான், எதில் போவான் என்ற கேள்வியே வரைந்தவர்களுக்கு எழவில்லை. ‘எல்லாம் இருக்கிறது’ என்று அவனிடம் சொல்வது, மற்றவர்களின் சொத்துப் பட்டியலை அவனிடம் வாசித்துக் காட்டுவதுதான்.

இது ஒரே ஊரின் மறதி என்று தள்ளிவிட முடியாது. அமெரிக்கச் சமூகவியலாளர் ஹெர்பர்ட் கேன்ஸ் 1958இல் நியூ ஜெர்சியின் லெவிட்டவுனில் வீடு வாங்கிக் குடியேறி, ஈராண்டு அங்கேயே வாழ்ந்து ஆராய்ந்தார். இன்று வில்லிங்போரோ என்று வழங்கும் ஊர் அது. 1967இல் வந்த அவருடைய ‘தி லெவிட்டவுனர்ஸ்’ நூல், புறநகரை மட்டம் தட்டும் நூல் இல்லை. புறநகர் வாழ்க்கை மனிதனை உள்ளீடற்றவனாக்குகிறது என்று நகரத்து அறிவுஜீவிகள் சொல்லிக்கொண்டிருந்ததை உடைப்பதற்காகவே எழுதப்பட்டதுபோல இருக்கும். பெரியவர்கள் பெரும்பாலும் அங்கே நிறைவாக வாழ்கிறார்கள் என்று அவர் காட்டினார். அப்படிப்பட்டவரே ஒரு விதிவிலக்கை எழுதிவைத்தார்: பதின்வயதினர். லெவிட் நிறுவனம் ஒவ்வொரு பகுதியையும் தொடக்கப் பள்ளி, விளையாட்டுத் திடல், நீச்சல் குளம் என்று சின்னக் குழந்தைகள் உள்ள குடும்பத்தை மனத்தில் வைத்தே அமைத்தது. வளர்ந்த பிள்ளைகள் கூடிப் பேசக் கடைவாசலுக்குப் போனால் அங்கிருந்து விரட்டப்பட்டார்கள். புறநகருக்காக வாதாடியவரே ஒத்துக்கொண்ட குறை இது. கொழுப்பு என்று சொல்பவர்கள் இந்தச் சாட்சியைத் தாண்டித்தான் போகவேண்டும்.

இங்கே எங்கள் பெரியவர்கள் குறுக்கிடுவார்கள். "எங்க காலத்துல நீச்சல் குளமா இருந்துச்சு? ஒண்ணுமே இல்லாமத்தான் வளர்ந்தோம். போர் அடிக்குதுன்னு சொன்னோமா?" மறுக்க முடியாதது போலத் தோன்றும் இந்த வாதம், உண்மையில் என் பக்கத்துச் சாட்சி. ஒன்றுமே இல்லை என்று அவர்கள் சொல்லும் அந்த ஊரில் தெரு இருந்தது. தெருமுனையில் டீக்கடையும் சைக்கிள் கடையும் இருந்தன. பஞ்சர் ஒட்டுவதைப் பக்கத்தில் குந்தி வேடிக்கை பார்க்கலாம், நாலு நாள் பார்த்தால் ஐந்தாம் நாள் ‘டேய், அந்த ஸ்பானரை எடு’ என்பார் கடைக்காரர். கோயில் கொடை வந்தால் பந்தல் கட்டவும் வசூல் நோட்டுத் தூக்கவும் பிள்ளைகள் வேண்டும். அறுவடையில், கல்யாண வீட்டுப் பந்தியில், இழவு வீட்டில் சொல்லி அனுப்பும் வேலையில், பதின்மூன்று வயதுக்காரனுக்கு ஓர் இடம் காத்திருந்தது. சில வீடுகளில் அது சுரண்டலாகவும் இருந்தது. சாதி பார்த்து அளந்த இடமாகவும் இருந்தது. அந்தக் காலத்தை நான் பொற்காலமாக்கவில்லை. ஆனால் அந்த ஊருக்குத் தன் பிள்ளைகளின் கை தேவைப்பட்டது. திட்டமிட்ட புறநகருக்குத் தேவைப்படுவதில்லை. புல்லை வெட்ட ஒப்பந்தக்காரர், காவலுக்கு ஏஜென்சி, விளக்குப் போட எலக்ட்ரீஷியன். பிள்ளை அங்கே பராமரிக்கப்படும் பொருட்களில் ஒன்று.

இப்படிப்பட்ட தெரு அமெரிக்கப் புறநகரில் தானாக மறைந்துபோகவில்லை, சட்டம் போட்டு மறைத்தார்கள். வீடு ஒரு பக்கம், கடை ஒரு பக்கம், தொழில் ஒரு பக்கம் என்று நிலத்தைப் பிரிக்கும் அதிகாரம் உள்ளாட்சிகளுக்கு உண்டு என்று 1926இல் யூக்ளிட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆலைப் புகை குடியிருப்புக்குள் வரக் கூடாது என்ற நியாயமான கவலை அதில் இருந்தது. ஆனால் புகையோடு சேர்த்து முனைக்கடையும் முடிவெட்டும் கடையும் பட்டறையும் வெளியே போயின. அப்பா காலையில் காரேறி எங்கோ போய் இருட்டிய பிறகு திரும்புகிறார். அவர் என்ன வேலை செய்கிறார் என்று மகன் கண்ணால் பார்த்ததே இல்லை. வேலை செய்யும் மனிதர்களைப் பார்க்க முடியாத ஊரில், பெரியவனாவது என்றால் என்ன என்று ஒரு பிள்ளை எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வான்?

இரண்டாவது வாதம் கண்டிப்பு. இதற்குப் பதில் சொல்ல ஃபாஸ்டர் சிட்டியின் பெரியவர்களையே அழைக்கிறேன். அந்த நகரம் தொடக்கத்தில் நகராட்சியே இல்லை. அதை நடத்த 1960இல் மாநிலச் சட்டத்தின் வழியாக ஒரு தனி மேம்பாட்டு மாவட்டம் உருவாக்கப்பட்டிருந்தது. அதன் கடிவாளம் நிலத்தின் உரிமையாளரிடம் இருந்தது. கடன் பத்திரம் வெளியிடும் அதிகாரமும் வரி போடும் அதிகாரமும் அந்த மாவட்டத்துக்கு உண்டு. வரி கட்டப்போவதோ புதிதாக வீடு வாங்கி வந்தவர்கள். அழகான ஏரிக்கரையில் குடியேறியவர்களுக்குத் தங்கள் ஊர் விஷயத்தில் தங்களுக்கே குரல் இல்லை என்பது மெல்ல உறைத்தது. சும்மா இருந்தார்களா? கூட்டம் கூட்டினார்கள், சண்டை போட்டார்கள், 1971இல் சுயாட்சி கொண்ட நகரமாக ஆகியே தீர்த்தார்கள். அவர்களுக்கும்தான் ஏரி இருந்தது, பூங்கா இருந்தது, புது வீடு இருந்தது. ‘இன்னும் என்ன குறை உங்களுக்கு’ என்று கேட்டிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பார்களா? வசதி வேறு, உரிமை வேறு என்று அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அடுத்த இரண்டே ஆண்டுகளில் அவர்களுடைய பிள்ளைகள் நாளிதழில் ஏறினார்கள். பெரியவர்களின் கலகத்துக்குப் பெயர் குடிமை உணர்வு, பிள்ளைகளின் கலகத்துக்குப் பெயர் சீர்கேடு. பெரியவர்களிடம் மனு இருந்தது, வழக்கறிஞர் இருந்தார், வாக்குச் சீட்டு இருந்தது. பிள்ளைகளிடம் ஸ்ப்ரே பெயின்ட் இருந்தது.

கண்டிப்பு பலிக்கிறதா என்பதையும் பார்த்துவிடலாம். இரவு இத்தனை மணிக்கு மேல் சிறுவர்கள் வெளியே வரக் கூடாது என்ற ஊரடங்கு விதிகளை 1990களில் அமெரிக்க நகரங்கள் பல பிறப்பித்தன. அவற்றைப் பற்றிய ஆய்வுகளைத் திரட்டி 2016இல் கேம்பெல் கூட்டமைப்பு ஒரு தொகுப்பாய்வு வெளியிட்டது. சிறார் குற்றத்தையோ, சிறார் பாதிக்கப்படுவதையோ அந்த விதிகள் குறைத்ததாகச் சான்று கிடைக்கவில்லை என்பதே அதன் முடிவு. பிரிட்டனில் இதைவிட நூதனமான கண்டிப்பு 2005இல் வந்தது. வேல்ஸில் உருவான ‘மொஸ்கிட்டோ’ என்ற கருவி, இளம் காதுகளுக்கு மட்டுமே கேட்கக்கூடிய உயர் அதிர்வெண்ணில் இடைவிடாமல் கீச்சிடும். கடை வாசலில் பொருத்திவிட்டால் பெரியவர்கள் நிம்மதியாகச் சாமான் வாங்கலாம், பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு கலைவார்கள். திருடனா யோக்கியனா என்று பார்க்காமல் வயதை மட்டும் பார்த்து விரட்டும் இந்தக் கருவியை வேறு எந்தப் பிரிவினருக்கு எதிராக மாட்டியிருந்தாலும் ஊர் கொந்தளித்திருக்கும்.

மூன்றாவது, பொழுதுபோக்கு ஏற்பாடு செய்தால் சரியாகும் என்ற கருணை வாதம். இதை மறுக்க அட்லாண்டிக்கைத் தாண்டவேண்டும். மேற்கு பெர்லினில் வால்டர் குரோப்பியுஸ் என்ற உலகப் புகழ்பெற்ற கட்டடக் கலைஞரின் திட்டத்தில் 1962இல் தொடங்கி 1975 வரை எழுந்தது குரோப்பியுஸ்டாட். தனி வீடுகள் நிறைந்த கலிபோர்னியப் புறநகருக்கு நேர்மாறு இது. வானுயர்ந்த அடுக்குமாடிகள், அரசு உதவியோடு கட்டிய வாடகை வீடுகள், உழைக்கும் குடும்பங்கள். கொழுப்பு வாதத்துக்கு இங்கே இடமே இல்லை. அந்த ஊரில் வளர்ந்த கிறிஸ்டியானே எஃப். என்ற பெண், பதின்மூன்று வயதில் ஹெராயினுக்கு அடிமையான தன் கதையைப் பத்திரிகையாளர்கள் இருவரிடம் சொல்லி, அது 1978இல் நூலாக வந்து ஜெர்மனியை உலுக்கியது. எங்கு திரும்பினாலும் விளையாடாதே, ஓடாதே என்று பலகைகள் தொங்கிய ஊர் என்று அதில் அவர் தன் குழந்தைப் பருவத்தைச் சொல்கிறார். அந்த ஊரில் இளைஞர் மையம் இல்லாமலில்லை. தேவாலயம் நடத்திய மையம் ஒன்று இருந்தது. அவர் முதன்முதலில் கஞ்சாப் பிசினைப் புகைத்ததே அந்த மையத்துக்குப் போக ஆரம்பித்த பிறகுதான். கட்டடம் ஒன்றைக் கட்டி, பிள்ளைகளை அதற்குள் சேர்த்து, கணக்கில் ‘இளைஞர் நலன்’ என்று எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் இந்தப் பக்கங்களைப் படிக்கவேண்டும். அடைத்துவைக்கும் இடத்துக்குப் பெயர் மாற்றினால் அது பொது இடமாகிவிடாது.

ஐஸ்லாந்தைக் காட்டி என்னை மடக்கலாம். அங்கே 15, 16 வயதினரில் முந்தைய மாதத்தில் போதையேறக் குடித்தவர்கள் 1998இல் 42 சதவீதம், 2016இல் 5 சதவீதம். விளையாட்டுக் குழுக்களும் இசை வகுப்புகளும் இரவு நேரக் கட்டுப்பாடும் சேர்ந்துதான் இதைச் சாதித்தன. என் வாதத்துக்கு எதிரான வலுவான சான்று இதுதான், அதனால் கூர்ந்து பார்க்கவேண்டும். அந்தத் திட்டத்தின் அடிப்படை, பிள்ளையைத் திருத்துவது இல்லை, பிள்ளையைச் சுற்றியிருப்பதைத் திருத்துவது. ஆண்டுதோறும் பிள்ளைகளிடமே கேட்டுக் கணக்கெடுத்தார்கள். ரெய்க்யவிக் நகரம் ஒவ்வொரு பிள்ளைக்கும் விருப்பப்பட்ட வகுப்பில் செலவிட உதவித்தொகை கொடுத்தது. பெற்றோர்கள் நேரத்தைக் கொடுக்க உறுதி எடுத்தார்கள். இரவுக் கட்டுப்பாட்டை மட்டும் பிய்த்து எடுத்துவந்து ஒட்டினால் மேலே சொன்ன அமெரிக்க முடிவுதான் கிடைக்கும். ‘ஊர் சரி, பிள்ளை கோளாறு’ என்ற நம்பிக்கையை ஒரு நாடே கைவிட்டால் என்ன நடக்கும் என்பதற்குத்தான் ஐஸ்லாந்து சான்று.

உடைத்ததை நான் நியாயப்படுத்தவில்லை. ஆன்டெனா முறிந்த காரின் சொந்தக்காரர் எந்தத் தப்பும் செய்யவில்லை. கிறுக்கிய சுவரைத் தேய்த்துக் கழுவுபவர் பெரும்பாலும் அந்த ஊரில் வீடு வாங்க முடியாத ஒரு கூலித் தொழிலாளி. உடைத்தவன் பொறுப்பேற்கத்தான் வேண்டும். ஆனால் ஒரே விதமான உடைப்பு, ஒரே வயதினரிடமிருந்து, கடல் தாண்டியும் ஒரே விதமாக அமைந்த ஊர்களில் நடக்கும்போது, ஒவ்வொரு பிள்ளையின் குணத்தையும் தனித்தனியாகத் தோண்டிக்கொண்டிருப்பது காரணத்தைத் தேடாமல் இருப்பதற்கான வழி. அதோடு, கலகம் செய்யாத பிள்ளைகள் எல்லாம் திருப்தியாக இருக்கிறார்கள் என்றும் கணக்குப் போடாதீர்கள். பெண் பிள்ளைகளின் சலிப்பு பெரும்பாலும் சுவரில் தெரிவதில்லை, கண்ணாடியை உடைப்பதில்லை, அதனால் கட்டுரையாகவோ படமாகவோ ஆவதுமில்லை. இன்று பையன்களுடைய சலிப்பும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது. வெளியே சத்தம் போட்டபோது ‘உள்ளே போ’ என்று விரட்டினோம். உள்ளே போய்ப் போனை எடுத்ததும் ‘எந்நேரமும் போன்’ என்கிறோம். போனில்தான் அவனுக்கு ஒரு தெரு இருக்கிறது, கூட்டாளிகள் இருக்கிறார்கள், அவன் செய்வதற்கு ஒரு விளைவு இருக்கிறது.

சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலை நெடுக எழும்பி நிற்கும் மதில் சூழ்ந்த குடியிருப்புகள் இந்தப் பாடத்தை முதல் எழுத்திலிருந்து திரும்பப் படிக்கின்றன. விளம்பரத்தில் வசதிகளின் பட்டியல் நீளும். உள்ளே போனால் பந்து விளையாடக் கூடாது, பேஸ்மென்டில் சைக்கிள் ஓட்டக் கூடாது, கூட்டமாக உட்காரக் கூடாது என்று பலகைகளின் பட்டியல் அதைவிட நீளும். வாசலில் இறங்கினால் நடைபாதை இல்லாத நெடுஞ்சாலை. பதின்மூன்று வயதுக்காரி தனியாகப் பேருந்தேறி நூலகம் போய் வருவதை எந்த வீடும் நினைத்துப் பார்ப்பதில்லை.

என்ன செய்யலாம் என்பதில் ரகசியம் ஒன்றுமில்லை. குடியிருப்போர் சங்கத்தில் பதினான்கு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இரண்டு இடம் கொடுங்கள், ஆலோசனை சொல்ல மட்டுமல்லாமல் வாக்களிக்கவும். பராமரிப்புப் பணத்தில் ஒரு சிறு பங்கை அவர்கள் கையில் ஒப்படையுங்கள், கணக்கையும் அவர்களே காட்டட்டும். ஒரு மூலை நிலத்தை எதற்கு என்று பெயரிடாமல் விட்டுவையுங்கள். அங்கே அவர்கள் எதையோ கட்டுவார்கள், அது கோணலாக இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும். வாசலிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை பத்திரமாக நடக்க ஒரு பாதையைக் கேட்டு மாநகராட்சியோடு சண்டை போடுங்கள். இதில் எதுவும் நீச்சல் குளத்தைவிட அதிகச் செலவு பிடிக்காது. பிடிக்கும் செலவு வேறு: எல்லாவற்றையும் நாமே தீர்மானிக்கும் சுகத்தை விட்டுக்கொடுக்கவேண்டும்.

அதைக் கொடுக்க மனமில்லை என்றால் அப்படியே சொல்லிவிடலாம், அதுவாவது நேர்மை. பிள்ளையின் கையில் எதையும் தராமல் வைத்துக்கொண்டு, எல்லாம் தந்துவிட்டோமே என்று அவன் மேலேயே பழி போடும் பேச்சை மட்டும் நிறுத்திக்கொள்ளவேண்டும். ஃபாஸ்டர் சிட்டியின் பெரியவர்கள் தங்களுக்குக் குரல் இல்லாத ஊரை ஏழே ஆண்டுகள்தான் பொறுத்தார்கள். பதின்மூன்றிலிருந்து பத்தொன்பது வரை என்பதும் ஏழு ஆண்டுகள்தான். பெரியவர்களுக்குத் தாங்க முடியாததைப் பிள்ளைகள் சத்தமில்லாமல் தாங்கிக்கொள்ளவேண்டும் என்று எதிர்பார்க்க நமக்கு எந்த உரிமையும் இல்லை.